நான்கு மில்லிமீற்றர்

மருதானையில் ஆறாம் மாடிக்கும் மேலே,
தண்ணீர்த் தாங்கிக்கும் பழுதான ஏசிப் பெட்டிகளுக்கும் நடுவில்
காற்றை உறிஞ்சியபடி ஒரு கருவி நிற்கிறது.
உள்ளே ஓர் உருளை. உருளையைச் சுற்றிப் பசை தடவிய நாடா.
மணித்தியாலத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் நகரும்.
ஆக, கொழும்பின் ஒரு முழு நாள்
என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

திங்கட்கிழமைகளில் ஏறிப்போய் நாடாவைக் கழற்றுவேன்.
ஏழாய் வெட்டி, கண்ணாடியில் ஒட்டி,
ஒரு துளி சாயம்.
மகரந்தம் என்றால் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் சிவக்கும்.
கரி சிவக்காது.
கரிக்கு எந்தச் சாயமும் பிடிக்காது.

பிறகு எண்ணுவேன். அதுதான் என் உத்தியோகம்.
மூன்று வாய் திறந்த சவுக்கு,
ஒற்றைக் கீறலோடு தென்னை,
ரயில் பாதை ஓரத்துப் புல்லுக்கு ஒரே ஒரு துளை, தொப்புள் மாதிரி.
சின்ன வயதில் நான் தும்மினால்
"நூறு" என்பா அம்மா. மறுபடி தும்மினால் "இருநூறு".
ஆயுளை அப்படித்தான் கூட்டினோம் வீட்டில்.
இப்போது நான் நூறு, இருநூறு என்று எண்ணுவது
ஊராருடைய தும்மல்களை.

புதுவருஷத்துக்கு முந்திய வியாழன்.
காலை முழுக்க ஓர் இலை அசையவில்லை.
புறக்கோட்டை பஸ்களின் புகை போக வழியில்லாமல்
கட்டடங்களுக்கு இடையில் கிடந்தது,
கொடியில் காயாத ஈரத்துணி போல.
நாலு மணிக்கு இடி. நாலேகாலுக்கு மழை.
ஜன்னலில் கூடி நின்று சந்தோஷப்பட்டோம்:
அப்பாடா, தூசு அடங்கிற்று.

அன்றிரவு ஆஸ்பத்திரியில் காஸ் பிடிக்க
இருபத்தேழு பேர்.
முட்டு என்றால் என்னவென்றே அறியாதவர்கள்கூட
வாங்கில் குந்தி, தோள் உயர்த்தி, மூச்சை இழுத்தார்கள்.
அதில் ஒருவர் எங்கள் லேப் வாசலில் நிற்கும் ஓட்டோ முஸம்மில்.
சனிக்கிழமை என்னை ஏற்றியபோது சொன்னார்:
"ரயில்வே குவாட்டர்ஸ் சவுக்கு இருக்கே,
அத வெட்டச் சொல்லி முனிசிபலுக்கு மனு போடப்போறேன் மிஸ்.
நீங்கதானே படிச்ச ஆள். எழுதித் தாங்க."

திங்கள், வியாழனை எடுத்து வைத்தேன்.
நாலிலிருந்து ஆறு வரை: நான்கு மில்லிமீற்றர்.
முழு மகரந்தம் பதினொன்று.
படிவத்தின்படி
அந்தக் கிழமையிலேயே ஆகச் சுத்தமான காற்று அது.

லென்சை மாற்றி, எண்ணெய் விட்டு, இன்னும் கிட்டப் போனேன்.
ஓடுகள். வெறும் ஓடுகள்.
மழை குடித்து வீங்கி, வயிறு பிளந்து,
உள்ளிருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுக் கிடந்தன.
கொட்டியது மாவைவிட மெல்லிசு.
மூக்கு மயிர் மறிக்காது;
மூச்சுக்குழாயின் கடைசி ஒழுங்கைவரை
டிக்கெட் இல்லாமல் போகும்.
போதாததற்கு ஒவ்வொன்றின் முதுகிலும் டீசல் கரி,
பொறுக்கிய இடம் தெரியாத அழுக்கு.
மரம் அனுப்பிய பொருள் இதுவல்ல.
வழியில் யாரோ பிரித்துக் கட்டியிருக்கிறார்கள்.
அந்த யாரோவில்
நான் தினமும் ஏறும் 154ஆம் பஸ்ஸும் உண்டு.

சவுக்கு, தென்னை, புல், ஏனையவை.
உடைந்ததற்குக் கட்டம் இல்லை.
ஏனையவைக்குள் தள்ள மனம் வரவில்லை.
பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
தலைப்பில்லாத கட்டம்.
விஜேகோன் சேர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சிங்களத்தில் கேட்டார், இதை எப்படி எண்ணுவாய்?
எண்ண முடியாது சேர்.
எண்ண முடியாததற்கு எதற்குக் கட்டம்?
நான் அழிக்கவில்லை. அவரும் அழிக்கச் சொல்லவில்லை.

பின்னேரம் முஸம்மிலின் ஓட்டோ.
மனுவை அவர் மறக்கவில்லை; நான் இன்னும் எழுதவில்லை.
சந்தியில் சிவப்பு விளக்கு.
முன்னால் நின்ற லொறி ஒருதரம் செருமி
எங்கள் முகத்தில் ஊதியது.
குவாட்டர்ஸ் மதிலுக்கு மேலே சவுக்கு,
ஒன்றும் தெரியாததுபோல் ஆடிக்கொண்டு.
முஸம்மில் தும்மினார்.
"நூறு" என்றேன், என்னை அறியாமல்.
அவர் திரும்பிப் பார்த்தார்:
"என்ன மிஸ், நூறா?
மீட்டர் முந்நூறு காட்டுது."